பழி மட்டும் சிறு ஆலைகளுக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மசாலா ஏற்றுமதி பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'சிறு ஆலைகளின் அலட்சியத்தால் நாட்டின் பெயர் கெடுகிறது' என்று போகிற போக்கில் ஒரு வரி. விருதுநகரில் அப்பா காலத்திலிருந்து மசாலா அரைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் குடும்பம் எங்களுடையது. அந்த வரி மனதைப் புண்படுத்திவிட்டது.

2024 ஏப்ரலில் ஹாங்காங் அரசு எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவின் எச்சம் இருப்பதாகச் சொல்லி விற்பனையை நிறுத்திய பொடிகள் எவை என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒன்றைச் சிங்கப்பூரும் திரும்பப் பெறச் சொன்னது. எல்லாம் நாடறிந்த பிராண்டுகள். அதில் எந்தச் சிறு ஆலை இருந்தது?

சால்மோனெல்லா கிருமியைக் கொல்ல மசாலாவுக்கு அடிக்கும் வாயுதான் இந்த எத்திலீன் ஆக்சைடு. அதற்கான அறை எங்களைப் போன்றவர்களிடம் கிடையாது. மிளகாய் வத்தலைத் தளத்தில் காயப்போட்டு, பெண்கள் உட்கார்ந்து காம்பு கிள்ளிய பிறகுதான் அரைவைக்குப் போகும். வத்தலை ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும் என்று அன்றைக்கு அரைக்கவே மாட்டோம். இதற்குப் பெயர் அலட்சியமா?

கலவைப் பொடியில் இன்னொரு சங்கடம். மஞ்சள் ஈரோட்டிலிருந்து, சீரகம் குஜராத் உஞ்சாவிலிருந்து, வத்தல் பாதி குண்டூரிலிருந்து வருகிறது. எங்கோ ஒரு கிடங்கில் ஒரு மூட்டைக்கு வாயு அடித்திருந்தால்கூட எங்கள் மொத்தப் பொடியையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். மூட்டையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. போதாததற்கு, ஐரோப்பாவில் ஒரு கிலோ மசாலாவில் இந்த வாயுவின் எச்சம் 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் திருப்பிவிடுவார்கள். அமெரிக்காவில் 7 மில்லிகிராம் வரை விடுவார்கள். எழுபது மடங்கு வித்தியாசம்! ஒரே சரக்கு ஒரு துறைமுகத்தில் நல்லது, இன்னொன்றில் விஷம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இது இன்று நேற்று வந்த வருத்தமும் இல்லை. 2005-இல் பிரிட்டனில் மிளகாய்த்தூளில் சூடான் என்ற, உணவில் சேர்க்கக் கூடாத சிவப்புச் சாயம் இருந்ததால் நானூறுக்கும் மேற்பட்ட உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். அதற்கு முன்பு வரை "உங்கள் பொடியில் சிவப்பு போதவில்லை" என்று விலையைக் குறைத்துக்கொண்டே வந்த வியாபாரி, மறுமாதமே "சாயம் கலக்கவில்லை என்று சான்று கொடு" என்றார். சிவப்பு கேட்டவர் அவர், சந்தேகத்துக்கு ஆளானவர்கள் நாங்கள்.

2024 மே மாதம் சிங்கப்பூர், ஹாங்காங் போகும் மசாலாவைக் கப்பலில் ஏற்றுமுன் சோதிக்க வேண்டும் என்று மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம் கட்டாயமாக்கியது. சரி, வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சோதனைக் கட்டணம் சாம்பிளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். முழு கன்டெய்னர் அனுப்புகிறவருக்கு அது கிலோவுக்குச் சில காசு. கொஞ்சம் பெட்டிகள் அனுப்பும் எனக்கு லாபமே அதில் போய்விடுகிறது. முடிவு வரும்வரை சரக்கு கிடங்கில் கிடக்க, வாடகையும் ஏறுகிறது. மணம் இறங்கிய பொடியை எந்தக் கடைக்காரர் இரண்டாம் முறை கேட்பார்? கிருமியைக் கொல்ல நீராவியில் சுத்தம் செய்யலாமே என்பார்கள். அந்த இயந்திரத்தின் விலைக்கு என் ஆலையையே விற்க வேண்டும்.

ஐயா, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வணிகப் பக்கத்தில் வத்தல், மல்லி, மஞ்சள் விலையைத் தினமும் போடுகிறீர்கள். எந்த நாட்டில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரம்பு என்பதையும் அதற்குக் கீழே மாதம் ஒரு முறை தமிழில் போடுங்கள். எனக்கு வரும் சுற்றறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. மண்டியில் என்னோடு கொள்முதல் செய்பவர்களில் பாதிப் பேருக்கு அது புரிவதில்லை. அப்புறம், அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தமும் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
மசாலா ஆலை உரிமையாளர்,
விருதுநகர்