உன் கைராசி இல்லை, கண்ணு

குன்னூர்,
டிசம்பர் கடைசி

அன்புள்ள கண்ணுவுக்கு,

நேற்று போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாய். போன பொங்கலுக்குக் கொடுத்தனுப்பிய எச்செவேரியா, ரோஜாப்பூ மாதிரி தடித்த இலை அடுக்கிய அந்தச் செடி, மே மாதமே அழுகிப் போய்விட்டது, சொல்லப் பயமாக இருந்தது, "எனக்குக் கைராசி இல்லம்மா" என்று. போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. செடிக்காக இல்லை. ஏழு மாதமாக இதை மனதில் வைத்துக்கொண்டு என்னிடம் பேசியிருக்கிறாயே என்றுதான்.

கைராசியெல்லாம் இல்லை. அந்தச் செடியை அந்த ஊருக்கு அனுப்பியது என் தப்பு. எச்செவேரியாவின் பூர்வீகம் மெக்சிகோவின் மலைப்பக்கம். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். இவை பகலில் திறந்தால் வெயில் தண்ணீரைக் குடித்துவிடும் என்பதால், ராத்திரி குளிர்ந்த பிறகுதான் திறக்கும். நம் ஊரில் பொழுது சாய்ந்தால் குளிர் தானாக வந்துவிடுகிறது. சென்னையில் மே மாத ராத்திரியிலும் 28 டிகிரி, கூடவே கடற்காற்றின் புழுக்கம். அது எப்போதுதான் மூச்சு விடும்? வாடுகிறதே என்று நீ தண்ணீர் வேறு ஊற்றியிருப்பாய். வேர் வெந்திருக்கும்.

நான் முதல் வருஷம் இந்த மாதிரிச் செடிகளைச் சாகடித்த கதையை உன்னிடம் சொன்னதே இல்லை. நீ ஹாஸ்டலுக்குப் போன வருஷம் அது. வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்றுதான் ஆரம்பித்தேன். ரோஜாவுக்கு வைப்பதுபோல் தோட்டத்து மண்ணும் சாணி எருவும் போட்டு 14 தொட்டி வைத்தேன். ஐப்பசி மழை பிடித்தது. ஊட்டியைவிட நமக்குத்தானே வடகிழக்குப் பருவமழை அதிகம். பத்து நாள் வெயிலே இல்லை. இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் பொத்தென்று விழுந்தது. மூன்றுதான் மிஞ்சின. அப்பாவுக்குத் தெரியாமல் அழுதேன்.

அப்புறம்தான் மண்ணை மாற்றினேன். ஒரு பங்கு மண், இரண்டு பங்கு பொடி செங்கல் ஜல்லி, ஒரு கை அடுப்புக்கரி. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் அடித் துளை வழியே ஓடிவிட வேண்டும். விரலை உள்ளே விட்டுப் பார். அடிவரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. உனக்கும் இதே கலவைதான் ஒரு பை கட்டி வைத்திருக்கிறேன்.

இந்த முறை உன் ஊர் தாங்கும் செடிகளாகவே அனுப்புகிறேன். ஜேட் ஒன்று. ஹவோர்த்தியா இரண்டு. ஹவோர்த்தியா தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலிலும் பாறை இடுக்கிலும் வளர்வது, அதனால் உன் ஜன்னலோர வெளிச்சமே போதும். ரணகள்ளியும் வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் அதன் இலையை அறிவியல் நோட்டுக்குள் வைத்து, குட்டி போட்டதா என்று தினமும் பிரித்துப் பார்ப்பாயே, அதுதான். வாடினாலும் பயப்படாதே. அம்மாயி வீட்டு நிலைவாசலில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் எத்தனை மாதம் பச்சையாகவே தொங்கும்!

கூழாங்கல் மாதிரி இருக்கும் செடியை ஆன்லைனில் வாங்கட்டுமா என்று கேட்டாய். அவசரப்படாதே. அந்த வகைகளில் பலவற்றைத் தென்னாப்பிரிக்காவில் பாறையோடு ஒட்டி வளர்ந்த இடத்திலிருந்து திருடிப் பிடுங்கி விற்கிறார்கள். நர்சரியில் விதை போட்டு வளர்த்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்கு.

பெட்டியில் செடிகளை வேர் உதறி, செய்தித்தாளில் சுற்றியிருக்கிறேன். நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீர் காட்டாதே. அறுந்த வேர் ஆற வேண்டும். இலை இடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடு. பக்கத்து வீட்டுத் தம்பி வெள்ளிக்கிழமை மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுகிறான். சனிக்கிழமை காலை சென்ட்ரலில் இறங்கியதும் உனக்குப் போன் செய்வான்.

இன்னொன்று. உனக்குக் கொடுத்தேனே, அதன் தாய்ச்செடி இந்தக் குளிரில் ஓரமெல்லாம் சிவந்து நிற்கிறது. நேற்று ராத்திரி நீ சொன்னதைக் கேட்டு, காலையில் எழுந்ததும் அதில் ஒரு இலையைத் திருகி எடுத்து நிழலில் காயவைத்திருக்கிறேன். நாலு நாளில் காயம் ஆறிவிடும், பிறகு மண்மேல் கிடத்தினால் போதும். நீ சித்திரையில் வரும்போது நகத்தளவு ரோஜா முளைத்திருக்கும். அது இங்கேயே, உன் பெயரில் இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா