இரவு இரண்டு மணிக்கு என்ன செய்வார்?

அன்பு மகளுக்கு,

வீட்டுக்குக் கிளம்பும் நோயாளிகளுக்கு அங்கே என்னென்ன உதவி தேவைப்படும் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று போனில் சொன்னாய். "ஃபாரம் நிரப்புகிற வேலைதான் அம்மா, ஒருத்தருக்குப் பத்து நிமிஷம்" என்றாய். அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் கடிதம்.

தாத்தா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ சின்னப் பெண். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. டிஸ்சார்ஜ் நாளன்று ஒருவர் காகிதத்தோடு வந்து, "நடக்கிறாரா?" என்று கேட்டார். "நடக்கிறார்" என்றேன். "தானே சாப்பிடுகிறாரா?" "சாப்பிடுகிறார்." அவ்வளவுதான், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் பொய் சொல்லவில்லை, கண்ணம்மா. வார்டின் சமமான தரையில், பட்டப்பகலில், பக்கத்தில் ஒரு ஆள் நிற்க, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தது உண்மைதான். ஆனால் நம் வீட்டுக் கழிவறை வாசலில் ஒரு படி இருந்தது. காகிதத்தோடு வந்தவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு, என்னை எழுப்பக் கூச்சப்பட்டுக்கொண்டு தனியாகப் போய் அந்தப் படியில் விழுந்தார். அதற்கப்புறம் அவர் எழுந்து நடக்கவே இல்லை.

அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்கும் பார்தெல் குறியீட்டைத்தான் நீ பயன்படுத்துகிறாய் என்றாய். 1965-ல் வந்தது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படி ஏறுவது என்று 10 விஷயங்கள், மொத்தம் 100 மதிப்பெண். நல்ல கருவி. ஆனால் நோயாளியால் என்ன செய்ய முடியும் என்பதை அல்ல, அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதைத்தான் அதில் குறிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தில்தான் தாத்தா விழுந்தார். இன்னொன்று, 100 வாங்கியவர்கூடத் தனியாக வாழ முடியும் என்று பொருளில்லை என அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். சமைப்பது, மருந்து எடுத்துக்கொள்வது, போனில் உதவிக்குக் கூப்பிடுவது, பணம் பார்த்துக்கொள்வது எல்லாம் வேறு கணக்கு. அதற்கு லாட்டனும் பிராடியும் 1969-ல் கொடுத்த அளவுகோல் இருக்கிறது. தனியாக இருப்பவர் என்றால் அதையும் எடுத்துப் பார்.

சிட்னி காட்ஸ் என்ற மருத்துவர் 1963-ல் எழுதியதைப் படித்தபோது உன் ஞாபகம்தான் வந்தது. நோயிலிருந்து மீள்கிறவர்களுக்குச் சாப்பிடும் திறன் முதலில் திரும்புகிறது, குளிப்பதும் உடுத்துவதும் கடைசியில். குழந்தை வளரும் வரிசையும் அதுதான். நீயும் கையால் அள்ளித் தின்னப் பழகி எத்தனையோ நாள் கழித்துத்தான் தானே குளித்தாய். அதனால் "சாப்பிடுகிறார்" என்ற பதிலில் நிம்மதி அடையாதே. குளிப்பதைப் பற்றிக் கேள். பதிலுக்குத் தயங்கினால் அங்கேயே நில்.

முடிந்தால் கேட்பதைவிடப் பார். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல். நேரம் குறிப்பதோடு விடாதே. எழும்போது கையை எங்கே ஊன்றுகிறார், திரும்பும்போது தடுமாறுகிறாரா என்று கவனி. பல நாள் படுக்கையில் கிடந்த கால், வந்தபோது இருந்த கால் இல்லை. அப்புறம் வீட்டைப் பற்றிக் கேள்: படுக்கையிலிருந்து கழிவறைக்கு எத்தனை அடி, வழியில் படி உண்டா, இரவில் விளக்கு எரியுமா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா. கட்டிலருகே வைக்கும் ஒரு கமோடு நாற்காலி அன்று தாத்தாவைக் காப்பாற்றியிருக்கும். இதை நான் நினைக்காத நாளில்லை.

மருந்து விஷயத்தில் "புரிந்ததா?" என்று கேட்காதே, எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டில் காலையில் எதை எதைப் போடுவீர்கள், எனக்குச் சொல்லுங்கள்" என்று கேள். பழைய மாத்திரைகளையும் கொண்டுவரச் சொல். ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டில் கிடக்கும், இரண்டையும் போட்டுக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும்விட, பார்த்துக்கொள்ளப் போகிறவரை மறந்துவிடாதே. அவரைத் தனியாக அழைத்துக் கேள். நோயாளியின் முகத்துக்கு எதிரே "என்னால் முடியாது" என்று யாராலும் சொல்ல முடியாது. தூக்கிப் புரட்ட அவருக்கு உடம்பில் வலு இருக்கிறதா? வேலைக்குப் போகிறவரா? இரவு தூங்க முடியுமா? என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லியிருப்பேன். சொல்ல வேண்டும் என்று தொண்டைவரை வந்தது.

நோயாளியிடமும் நேராகப் பேசு. பிள்ளைகளிடம் மட்டும் பேசிவிட்டு அவரைச் சாமான் மாதிரி ஏற்றி அனுப்பாதே. வீட்டுக்குப் போவதில் அவருக்கு எது பயம், எது ஆசை என்று கேள். கேட்டால் தாத்தா கூச்சத்தைச் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

படுக்கை காலியாக வேண்டும் என்று உன்னை அவசரப்படுத்துவார்கள், எனக்குத் தெரியும். அடுத்து வருகிறவருக்கும் படுக்கை வேண்டும்தானே. அதனால் மதிப்பீட்டைக் கடைசி நாளுக்கு வைக்காதே; சேர்ந்த ஓரிரு நாளிலேயே வீட்டு விசாரணையைத் தொடங்கிவிடு, பின்னால் மாற மாறத் திருத்திக்கொள்ளலாம். அனுப்பியபின் மூன்றாம் நாள் ஒரு போன் போடு. "ராத்திரி எப்படிப் போனது?" என்று மட்டும் கேட்டால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள்.

அன்புடன்,
அம்மா