செபராங் ஜெயாவிலிருந்து ஈசூனுக்கு: வழியெல்லாம் கைகொடுத்தவர்களுக்கு

மலேசியாவில், பினாங்குப் பக்கம் இருந்த செபராங் ஜெயா வீட்டைக் காலி செய்துகொண்டு சிங்கப்பூருக்கே வந்துவிட்டோம். பெட்டிகளைப் பிரித்தாகிவிட்டது, சமையலறைக்குக் கேஸும் வந்துவிட்டது. நன்றி சொல்வதைத் தள்ளிப்போட இனி ஒரு சாக்கும் இல்லை.

தனித்தனியாகப் போன் போட்டுச் சொல்லலாமே, எதற்கு ஊரறிய எழுத வேண்டும் என்று இவர் கேட்டார். சொல்லலாம்தான். ஆனால் உதவியவர்களில் பாதிப் பேருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. நெடுஞ்சாலை ஓரத்தில் மழையில் வந்து நின்ற மனிதரிடம் பெயர் கேட்க யாருக்குத் தோன்றும்? பெயர் தெரிந்தவர்களோ, "என் பேரை எங்கேயும் போட்டுடாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதனால் அக்கா, அண்ணன், அங்கிள், மக்சிக் (மலாய் ஆன்ட்டி) என்றுதான் எழுதப் போகிறேன். யார் யார் என்று அவரவருக்குத் தெரியும்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இவர் ஈசூனில் வளர்ந்த சிங்கப்பூரர். நான் சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமான கையோடு இவருக்கு பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை அமைந்தது. தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்து போய்வந்தே தலை நரைத்துவிட்டது. மாமியாருக்கு முழங்கால் வலி கூடிப்போய், இனித் தனியாக இருப்பது சரிப்படாது என்று ஆனதும், அவர் புளோக்கிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு மறுவிற்பனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை வாங்கினோம். விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வந்திருக்கலாம். காரில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். பாட்டியின் குத்துவிளக்கையும் அப்பாவின் படத்தையும் லாரியில் ஏற்றி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அதோடு, தீபாவளிக்குத் தீபாவளி ராத்திரி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்த ஊர்களை ஒரு தடவையாவது பகல் வெளிச்சத்தில் பார்க்க ஆசை.

முதல் நன்றி செபராங் ஜெயாவில் எங்கள் எதிர்வீட்டு சாருக்கு. வீடு மாறப் போகிறோம் என்று தெரிந்ததும் யோசனை சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை. அவர் ஒருவர்தான் யோசனை சொல்லாமல் பேனாவோடு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், சிங்கப்பூருக்குக் குடிபோன மகளுக்கு இதே வேலையை ஏற்கெனவே செய்து கொடுத்தவர். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, எத்தனை, ஏறக்குறைய என்ன விலை பெறும் என்று வரிசையாக எழுதித் தட்டச்சும் செய்து கொடுத்தார். குடிமாறி வருகிறவர்கள் கொண்டுவரும் பழைய வீட்டுச் சாமான்களுக்கு சிங்கப்பூரில் ஜிஎஸ்டி விலக்குக் கேட்கலாம். ஆனால் குறைந்தது 3 மாதமாவது நாம் வைத்துப் புழங்கிய பொருளாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். இவர் அந்த வாரம்தான் புதிதாக ஒரு வாஷிங் மெஷின் வாங்கி ஏற்றுவதாக இருந்தார். சார் அதை அப்படியே நிறுத்திவிட்டார்.

சாரின் மனைவி, எங்கள் டீச்சர் அக்கா, என் கறிவேப்பிலை மரத்தை எடுத்துக்கொண்டார். தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். செடிகொடிகளுக்கு எல்லையில் தனி விதிமுறை உண்டு, வீணாக வம்பில் மாட்டாதே என்று சொல்லி, மறுநாளே ஆளைக் கூட்டிவந்து குழிதோண்டி அவர் வீட்டு முன்னால் நட்டுவிட்டார். வாராவாரம் படம் அனுப்புகிறார். என்னிடம் இருந்ததைவிட அங்கே நன்றாகத்தான் இருக்கிறது, சொல்லக் கொஞ்சம் பொறாமையாக இருந்தாலும்.

சாமான் ஏற்ற முதலில் பேசி வைத்திருந்த ஆள், கிளம்புவதற்கு முந்தின ராத்திரி விலையைக் கூட்டினார். அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஜொகூரில், ஸ்கூடாயிலிருந்த என் தம்பிக்குப் போன் போட, அவன் எழுப்பிவிட்ட லாரி அண்ணன், "அக்கா, காலையில வண்டி வரும், நீங்க போய்ப் படுங்க" என்றார். ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே லாரி ஓட்டியே பழகியவர். சொன்ன நேரத்துக்கு வண்டி வந்தது. சொன்ன காசுக்கு மேல் ஒரு காசு கேட்கவில்லை. சாரின் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இப்படி எல்லாரும் கொடுத்தா எங்களுக்குச் சாவடியில நிக்கற வேலையே இல்ல" என்று அவர் சொன்னதை சாருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இனி கோலகங்சார். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக அந்த ஊருக்காகத்தான்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். தைப்பிங்கைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் மழைக்குப் பேர்போனதுதான். மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் மலையேற்றம் தொடங்கும். அங்கே போய்ச் சேருவதற்குள்ளேயே எஞ்சின் சூடு ஏறிவிட்டதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அவசரத் தடத்தில் ஒதுக்கி நிறுத்தினோம். மழை கொட்டுகிறதே என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொள்கிற பிளஸ் நிறுவனத்தின் ரோந்து வண்டியில் வந்த இளைஞர் முதலில் செய்த காரியம், எங்களைக் காரிலிருந்து இறங்கச் சொல்லி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியதுதான். அவசரத் தடத்தில் நிற்கிற வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதைவிட ஆபத்து வேறு இல்லை, பின்னால் வருகிற லாரிக்காரருக்கு மழையில் எதுவும் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னார். தன் குடையை மாமியாருக்குக் கொடுப்பதுபோல் பணிவாக என்னிடம் நீட்டிவிட்டு, அவர் நனைந்துகொண்டே கூம்புகளை வரிசையாக வைத்துவிட்டு வந்தார். இழுவை வண்டி வரும்வரை போகவில்லை. தம்பி, உன் பெயர் கேட்காமல் விட்டது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

கோலகங்சாரில் ஒரு சின்னப் பட்டறை. மெக்கானிக் அபாங் (மலாயில் அண்ணன்) வண்டியைத் திறந்து பார்த்து, வாட்டர் பம்ப் போய்விட்டது, ஈப்போவிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார். அதற்குள் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம் ஆகிவிட்டது. பட்டறையைப் பூட்ட வேண்டும். எங்களை வெளியே நிற்க விடாமல், பின்னாலேயே இருந்த அவர் வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். அவர் மனைவி மீன் குழம்பு ஊற்றிய லக்சா நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தார். அந்த ஊர் லக்சாவுக்குத் தனிப்பேர் உண்டு. வெள்ளிக்கிழமை நாங்கள் சைவம், எப்படிச் சொல்வது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை மக்சிக் கவனித்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் சூடாக பீசாங் கோரெங் (வாழைப்பழ பஜ்ஜி) பொரித்துக்கொண்டு வந்தார். எண்ணெய் புதுசு என்று மட்டும் சொன்னார்.

பம்ப் வர நேரமாகும் என்றதும் மக்சிக்கின் மகள்தான் எங்களை மாவட்ட அலுவலகத்துப் பக்கம் கூட்டிப்போனாள். அங்கே ஒரு கிழட்டுப் பால்மரம் நிற்கிறது, வேலி போட்டு, பலகை வைத்து. 1877-ல் சிங்கப்பூர் பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் 9 கோலகங்சாருக்கு அனுப்பப்பட்டன. பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ இங்கே நட்ட அந்த ஒன்பதில் மிஞ்சியது இது. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற முறையைப் பிறகு சிங்கப்பூர் பூமலையில் வைத்துச் சோதித்துச் சொன்னவர் ஹென்றி ரிட்லி. அதைத்தான் என் அப்பா விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு செய்தார். அம்மா மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து வாளியில் தூக்கினாள். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்த மரம் இங்கே இருப்பது தெரியாது. ரப்பர் என்றால் எங்களுக்குத் தோட்டம், கங்காணி, சம்பள நாள், அவ்வளவுதான். சிங்கப்பூரிலிருந்து ஏறி வந்த கன்றால் எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தார். நான் இப்போது அதே சிங்கப்பூருக்குச் சட்டிபானையோடு போய்க்கொண்டிருக்கிறேன். பின்சீட்டிலிருந்த அப்பா படத்தை எடுத்துவந்து மரத்துக்குக் காட்டலாமா என்று நினைத்தேன். காரோ பட்டறையில், பூட்டிக் கிடந்தது. மகளே, நீ சும்மா பொழுதுபோகட்டும் என்றுதான் கூட்டிப்போயிருப்பாய். எனக்கு அது அப்படி இருக்கவில்லை.

அபாங் திரும்பி வந்து, சாயங்காலத்துக்குள் வேலையை முடித்தார். பம்புக்கும் கூலிக்கும் மட்டும் வாங்கிக்கொண்டார். கூடக் கொடுத்ததைத் திருப்பி இவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார்.

அன்றைக்கு மலாக்கா வரை போவதாகத் திட்டம். ஈப்போவைத் தாண்டவில்லை. அங்கே புந்தோங்கில் இருக்கும் சித்தி மகளுக்கு வாசலில் நின்றுகொண்டுதான் போன் போட்டோம். திட்டினாள், பிறகு தோசை சுட்டாள். புந்தோங் என்றால் கச்சாங் பூத்தே. சிங்கப்பூரில் ஒரு காலத்தில் தியேட்டர் வாசல்களில் கூம்புப் பொட்டலமாக வாங்கித் தின்றவர்களுக்கு அந்தக் கடலை வாசனை தெரிந்திருக்கும். முறுக்கு, பட்டாணி, கடலை என்று கிளம்பும்போது ஒரு மூட்டையையே பின்சீட்டில் திணித்துவிட்டாள். குத்துவிளக்குக்கு அணைவாக இருந்தது. ஈசூனில் எங்களுக்கு அக்கம்பக்கம் சுலபமாக அறிமுகமானதற்கு அந்த மூட்டைதான் காரணம் என்பதை அவளுக்கு இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

கோலாலம்பூரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நெரிசல். மலாக்காவைப் பார்க்காமலே கடந்தோம், அது இன்னொரு தடவைக்கு. மாச்சாப் ஓய்விடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த விரைவுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், எங்கள் கார் நிறைய மூட்டைகளைப் பார்த்துவிட்டுத் தானாகவே வந்து பேச்சுக் கொடுத்தார். எல்லை தாண்ட உட்லண்ட்ஸ் பக்கம் போகாதீர்கள், நாளைக்கும் நகராது, துவாஸில் இருக்கும் இரண்டாம் பாலம் வழியாகப் போங்கள் என்றார். அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்தோம். கோடிப் புண்ணியம் உங்களுக்கு.

கடைசிக் கட்டம் வேடிக்கை. மலேசியப் பதிவெண் கொண்ட காரை சிங்கப்பூரில் வசிப்பவர்கள் சிங்கப்பூர்ச் சாலையில் ஓட்டக்கூடாது. அதனால் காரை முன்பே தம்பி பெயருக்கு மாற்றியிருந்தோம். கணக்குப்படி செபராங் ஜெயாவிலிருந்தே இவர் ஓட்டிவந்தது மைத்துனர் காரைத்தான். ஸ்கூடாயில் இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை தம்பி ஓட்ட, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இரண்டாம் பாலத்தைக் கடந்தார். சனி ஞாயிறுகளில் வெளிநாட்டு கார்களுக்கு விஇபி என்கிற நுழைவு அனுமதிக் கட்டணம் கிடையாது என்று நாள் பார்த்ததும் தம்பிதான். துவாஸிலிருந்து ஈசூன் வரை, "பிரேக்கை மெதுவா அமுக்குடா" என்று இவர் சொன்னதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு வந்தான். தம்பி, அதற்குத் தனி நன்றி.

திங்கட்கிழமை விடியற்காலையில் பால் காய்ச்ச நேரம் குறித்திருந்தார் மாமியார். வீட்டில் கேஸ் இல்லை. கணக்குத் திறந்து, ஆள் வந்து திறந்துவிட இன்னும் நாள் இருந்தது. மின்சாரக் கெண்டியில் காய்ச்சினால் பால் எப்படிப் பொங்கும் என்று மாமியார் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. எங்கள் தளத்தின் மூலை வீட்டு அங்கிள், சீனர், எழுபதைத் தாண்டியவர், தாழ்வாரத்தில் நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு உள்ளே போய், குடும்பத்தோடு ஸ்டீம்போட் சாப்பிடுகிற சின்ன அடுப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். துடைத்து, புதுக் கேஸ் குப்பியும் போட்டு. பால் கிழக்குப் பக்கமாகவே பொங்கியது. அங்கிளும் ஒரு தம்ளர் குடித்தார். சர்க்கரை போதாது என்றார்.

அன்றே லாரி வந்தபோது மின்தூக்கியைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றதும் அவர்தான். நான்காம் மாடி மக்சிக் ஒருவர் லாரிப் பையன்களுக்குக் குளிர்ந்த பண்டுங் (ரோஸ் பால்) கலக்கிக் கொடுத்தார். அம்மிக்கல்லைத் தூக்கிய பையனுக்கு இரண்டு தம்ளர்.

அடுப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அங்கிள் எங்களையே வைத்துக்கொள்ளச் சொல்கிறார். வாங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அது இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருக்கிறது.

பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு வருகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போக வேண்டும். சாரும் டீச்சர் அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோலகங்சார் வீட்டாருக்கும் சேதி அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. வருகிறவர்கள் முதல் நாளே தெரிவித்துவிடுங்கள். எத்தனை பேருக்கு மாவு ஆட்டுவது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
ஈசூனுக்குப் புதிதாகக் குடிவந்த இருவர்