கவுன்சிலிங் மேடத்தை மார்க்கை வைத்து எடை போடாதீர்கள்

பள்ளி நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், என் மகன் உங்களிடம் பிளஸ் டூ படிக்கிறான். கவுன்சிலிங் மேடம் மாதம் எத்தனை பிள்ளைகளைப் பார்த்தார், அதில் எத்தனை பேருக்கு மார்க் ஏறியது என்று பார்த்துத்தான் அடுத்த வருடம் அவரை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வோம் என்றீர்கள். கூட்டத்தில் எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜூலையில் என் பையன் தூங்குவதையே விட்டுவிட்டான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பு வாரைப் பிய்த்துக்கொண்டிருப்பான். மேடத்திடம் போக ஆரம்பித்த நாலாவது வாரம், நான் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைப்புப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, ரெண்டு வருஷமா எனக்கு மேத்ஸ்ல ஒண்ணுமே புரியலப்பா" என்றான். காலாண்டில் மார்க் இன்னும் குறைந்துதான் இருந்தது. ஆனால் பையன் தூங்குகிறான், தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறான். இதை உங்கள் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

வகுப்பாசிரியருக்குப் பிள்ளை சத்தம் போடாமல் இருந்தால் சரி. என் மனைவிக்கோ, உள்ளே என்ன பேசினார்கள் என்று மேடம் நமக்குச் சொல்வதே இல்லையே என்று கோபம், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. சொல்லியிருந்தால் அவன் மறுபடி அந்த அறைப்பக்கம் போயிருப்பானா?

அளக்கவே கூடாது என்று சொல்லவில்லை. பிஎச்க்யூ-9 என்று ஒரு தாள் 2001-இலிருந்தே இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, மனச்சோர்வு எப்படி என்று 9 கேள்விகள், மொத்தம் 27 புள்ளி, குறையக் குறைய நல்லது. முதலில் ஒருமுறை, சில வாரம் கழித்து ஒருமுறை நிரப்பினால் மாற்றம் தெரியும். அப்புறம், ஒவ்வொரு முறை பேசி முடித்ததும் பிள்ளையே 10 சென்டிமீட்டர் கோடு நான்கில் குறி போடுகிற முறையும் உண்டு: நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்களா, நான் பேச நினைத்ததைப் பேசினோமா, அவர்கள் முறை எனக்கு ஒத்துவந்ததா, மொத்தத்தில் எப்படி. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். தன்னால் ஆகாத பிள்ளையை மேடம் நம்ம மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் அதுவும் அவர் செய்த வேலைதான், தோல்விக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால், பெயர் எழுதாத தாளில் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஜெராக்ஸ் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
பிளஸ் டூ மாணவனின் அப்பா