1099-ஐ 1924 ஆக்கியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் நூலகப் புத்தகம், ஆவணக் கட்டு, அருங்காட்சியகப் பொருள், வீட்டுப் பரணில் கிடக்கும் சுவடி என்று எது எங்கே இருந்தாலும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்க ஒரு பொதுப் பட்டியல் வேண்டும் என்று கிளம்பினோம். இப்போது பட்டியல் ஓடுகிறது. நொண்டி நொண்டித்தான், ஆனாலும் ஓடுகிறது. கைகொடுத்தவர்கள் பலரும் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவரவர் பங்கு அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, "சார், இந்த 1099 சரியா?" என்று கேட்ட கல்லூரி மாணவிக்கு. மூணாறிலிருந்து ஒருவர் ஊருக்கு எழுதிய கடிதம் அது. மழை நிற்கவில்லை, பாலம் போய்விட்டது என்று போகிறது. மேல் ஓரத்தில் '1099 ஆடி'. தட்டச்சு செய்தவர் அதை அப்படியே ஆண்டுக் கட்டத்தில் போட, கணினி அந்தக் கடிதத்தைக் குலோத்துங்க சோழன் காலத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. தட்டச்சு செய்தவர் வேறு யாருமில்லை, நான்தான்.

1099 கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள நாட்டு ஆண்டுக் கணக்கு. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று சொல்வதே அதனால்தான். 1956 நவம்பர் 1-க்கு முன்பு நாம் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவர்கள் இல்லையா, பழைய பத்திரம், கடிதம் எதைப் பிரித்தாலும் கொல்லம்தான். சரி, 825-ஐக் கூட்டினால் தீர்ந்தது என்று நினைத்தோம். அதிலும் ஓட்டை. ஆண்டு ஆவணியில் பிறப்பதால் டிசம்பர் முடியும்வரை 824, ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825. இதைத் திண்ணையில் வைத்து விளக்கிய ஓய்வுபெற்ற பத்திர எழுத்தருக்கு எங்கள் கும்பிடு. அப்புறம்தான் ஏட்டில் உள்ள தேதிக்கு ஒரு கட்டம், மாற்றிய தேதிக்கு ஒரு கட்டம் என்று பிரித்தோம்.

அடுத்தது ஒரு பனையேறித் தாத்தா. நீளமான இரண்டு மரத்துண்டுகள் ஒரு முனையில் கட்டப்பட்டு, 'மரக் கருவி, பயன் தெரியவில்லை' என்ற சீட்டோடு கிடந்தன. படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "கடிப்புல்லா இது! பாளைய நசுக்கறது." சொன்னதோடு விடாமல், இரண்டு கட்டைக்கும் நடுவில் தன் விரலையே பாளையாக வைத்துக் காட்டினார். சுளவு என்று ஒரு சீட்டிலும் முறம் என்று இன்னொன்றிலும் இருந்ததை, எதைத் தேடினாலும் இரண்டும் வரும்படி இணைத்ததும் அவர் பேச்சைக் கேட்ட பிறகுதான்.

பெயர்த் தகராறு தனி. தேரூர்க் கவிமணியை ஒரு நூலகம் 'சி. தேசிகவிநாயகம் பிள்ளை' என்றும், இன்னொன்று 'தேசிக விநாயகம் பிள்ளை' என்றும், மூன்றாவது வெறும் 'கவிமணி' என்றும் எழுதி வைத்திருந்தது. கணினிக்கு அவர் மூன்று ஆள். இப்படி ஆயிரக்கணக்கில் பார்த்து ஒட்டிய நூலகர் அம்மாக்கள் இருவருக்கும் நன்றி என்று ஒரு சொல்லில் முடிப்பது நியாயமில்லை, என்ன செய்ய.

பழைய எழுத்துருவில் அடித்து, திறந்தால் கிறுக்கலாக வந்த பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றித் தந்த தம்பிக்கும் நன்றி. நூலகப் பகுதிக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது கோஹா. நியூசிலாந்தில் பிறந்த இலவச மென்பொருள். மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கே அன்பளிப்பு என்று பொருளாம். முகம் தெரியாத அந்த நிரலாளர்களுக்கும் ஒரு வணக்கம்.

சுவடியைத் தரமாட்டேன், வீட்டு வாசலைத் தாண்டாது என்று சொன்ன அக்காவையும் சொல்ல வேண்டும். தரவில்லை. ஆனால் மூன்று நாள் கூடத்தில் விளக்குப் போட்டுப் படமெடுக்க விட்டு, வேளாவேளைக்குக் கட்டஞ்சாயாவும் கொடுத்தார். பட்டியலில் இருப்பிடம் 'தனியார் வீடு' என்று மட்டும் இருக்கும்.

'பயன் தெரியவில்லை' தட்டு இன்னும் காலியாகவில்லை. கைப்பிடி இல்லாத ஒரு பித்தளைக் கிண்ணம், அடியில் மூன்று துளை. எங்காவது பார்த்திருந்தால் சொல்லுங்கள். சொன்னவர் யார் என்று எழுதவும் ஒரு கட்டம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
பட்டியல் குழுவுக்காக, 1099-ஐத் தட்டியவன்