ஜார்ஜ் டவுனில் கல் பதிப்பதற்கு முன்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஜார்ஜ் டவுனைச் சீரமைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் தி.நகர் பாண்டி பஜாரைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். 2019இல் திறந்த அந்த நடைபாதை வளாகம் சில்லறைக் கடைவீதிக்கு ஏற்றது. கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பின்னும் ஜார்ஜ் டவுன் மொத்த வியாபாரத்தில்தான் ஓடுகிறது. துணிப் பொதியும் காகிதக் கட்டும் இறங்க இடம் விடாமல் நடைபாதையை அகலப்படுத்தினால், சரக்கு அந்த நடைபாதையில்தான் இறங்கும். தெருவுக்கு இரண்டு இடமாவது, 8 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலத்தில் ஒதுக்குங்கள். மினி லாரிக்குக் காலை 10 மணி வரை நேரம் கொடுங்கள். மீன்பாடி வண்டி எனும் மூன்று சக்கரச் சரக்கு வண்டியைத் தடுக்க வேண்டாம். கடைக்குக் கடை சரக்கு போவது அதில்தான்.

வேலை மண்ணுக்கு அடியில் தொடங்கட்டும். 30 மீட்டருக்கு ஒன்றாகத் தெருவின் குறுக்கே சோதனைக் குழி வெட்டிப் பாருங்கள். பழைய வரைபடத்தை நம்பி டெண்டர் விட்டால், இல்லாத இடத்தில் மின்கேபிள் முளைத்து வேலை பாதியில் நிற்கும். ஆழத்தில் இருப்பதை முதலில் முடியுங்கள்: பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், கடைசியாகக் கேபிள். கேபிளோடு இரண்டு வெற்றுக் குழாய்களையும் புதைத்துவிடுங்கள். நாளை வேறொரு கேபிள் வரும்போது பதித்த கல்லைப் பெயர்க்க வேண்டியிராது. பெயர்த்த கல்லைப் பழைய மட்டத்தில் திரும்ப வைக்கும் ஒப்பந்ததாரர் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

தார் மேல் தார் போட்டே பழைய வீடுகளின் வாசல் தெருவுக்குக் கீழே போய்விடுகிறது. முதல் மழைக்கே தண்ணீர் உள்ளே வருகிறது. குடியிருந்தவர் கிளம்ப, வீடு கிடங்காகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்து, வாசற்படிக்கு 15 சென்டிமீட்டராவது கீழே புதிய மட்டத்தை நிறுத்துங்கள். 6 மீட்டருக்குக் குறைந்த தெருவில் உயர்ந்த நடைபாதையே வேண்டாம். முழுத் தெருவும் ஒரே தளமாக, இருபுறமிருந்தும் நடுவாய்க்காலுக்கு 50க்கு 1 சரிவு போதும். வாய்க்கால் வடிகாலில் சேருமிடத்தில் வண்டல் தொட்டி கட்டாவிட்டால் பிளாஸ்டிக் அடைத்துக்கொள்ளும்.

சந்துகளில் மரத்துக்கு இடமில்லை, வற்புறுத்த வேண்டாம். பூக்கடை அருகே சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் கோயில்களின் சுற்றுப்புறம் போல இடம் இருக்கும் முனைகளில் புங்கனும் பூவரசும் வையுங்கள். 1.2 மீட்டர் சதுரக் குழி, அடிமரத்தைச் சுற்றி சிமெண்ட் கூடாது. 2016 வர்தா புயலில் வேர் பரவ இடமில்லாத மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்பதை மாநகராட்சியே அறியும்.

நடைபாதை வியாபாரிகளைப் பற்றி ஒன்று. 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும் வரை அவர்களை அகற்ற முடியாது. வரைபடம் தயாரான பிறகு அவர்களுக்கு இடம் தேடாமல், வரையும்போதே அந்தச் சட்டம் சொல்லும் நகர விற்பனைக் குழுவை உட்கார வையுங்கள். அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும்.

முதலில் ஒரே ஒரு தெருவை எடுத்து, ஒரு வடகிழக்குப் பருவமழை கடக்கும் வரை பாருங்கள். அடுத்த தெருவின் டெண்டரை அதற்குப் பிறகு திறக்கலாம்.

இப்படிக்கு,
நகர வடிவமைப்புத் துறையில் பணிபுரிவோர் சிலர்