ரமாவுக்கு, வெள்ளவத்தையிலிருந்து

வெள்ளவத்தை,
28 செப்டம்பர் 2025

அன்புள்ள ரமா,

எப்படிச் சுகம்? உன் அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லையா? இங்கே எல்லோரும் நலம். ‘நலம்’ என்று எழுதும்போது போன கிழமையை நினைத்து ஒரு நிமிஷம் பேனாவை வைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வட்ஸ்அப்பில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. நீயும் குரல்பதிவு அனுப்பினால் கேட்கமாட்டாய், பாதியில் நிறுத்திவிட்டு ‘சரி சரி விளங்குது’ என்று போடுவாய்.

முதலில் மன்னிப்பு. மே மாதம் நீ கேட்டாய்: “எடியே, எல்லாரும் விட்டிட்டு ஓடுற ஊருக்கு இரண்டு பிள்ளையோடையும் வயித்தோடையும் நீ ஏன் போறாய்?” நான் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். பதில் சொல்ல விருப்பமில்லாமல் இல்லை. எனக்கே பதில் ஒழுங்காகத் தெரியவில்லை. அப்பா போன பிறகு அம்மா அந்த பிளாட்டில் தனியே இருக்கிறா, நாங்கள் ஐந்து நாளுக்கு ஒருதரம் போன் எடுத்து ‘மருந்து எடுத்தீங்களா’ என்று கேட்கிறோம். அது ஒரு காரணம். மூத்தவள் அம்மம்மாவோடு போனில் பேசும்போது நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தது, அது இன்னொன்று. ஆனால் இந்த இரண்டையும் சேர்த்தாலும் நீ கேட்ட கேள்விக்குக் காணாது.

ஜூலைக் கடைசியில் லண்டனிலிருந்து வந்தோம். வயிற்றில் பிள்ளைக்கு 25 கிழமை. 28 கிழமைக்குப் பிறகு பிளேனில் ஏற டொக்டரின் கடிதம் கேட்பார்கள், 36க்குப் பிறகு ஒற்றைப் பிள்ளை என்றாலும் ஏற்றவே மாட்டார்கள், அதனால் பிந்த ஏலாது. முன்னதாகவே கடிதமும் வாங்கி, முழங்கால்வரை அந்த இறுக்கமான காலுறையும் போட்டுக்கொண்டு, இரத்தம் கட்டிவிடக் கூடாதென்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் எழும்பி நடந்தேன், சின்னவனைத் தூக்கிக்கொண்டு. அவனுக்கு மூன்று வயது, நித்திரை என்றால் என்னவென்று அந்தப் பதினொரு மணித்தியாலமும் மறந்திருந்தான். அவர் வரவில்லை. வேலையை விடுவதற்கு அறிவித்தல் கொடுத்திருக்கிறார், அக்டோபர் நடுப்பகுதியில்தான் வருவார். ஆடிவேல் நேரம், காலி வீதியில் தேர் வந்தது. மூத்தவள் என் தோளைப் பிடித்து உலுப்பி “Mummy, is it a wedding?” என்றாள். அதை அவள் சொன்ன மாதிரியே எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அம்மா அன்று முழுக்க “கலியாணம்தான் பிள்ளை, முருகனுக்கு” என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தா.

காகித வேலை உனக்குத் தெரியும், ஒரு புத்தகம் எழுதலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். நான் கடைசிவரை பிரிட்டிஷ் பிரசாவுரிமை எடுக்கவில்லை அல்லவா, நீ கூட ‘விசரி’ என்று பேசினாய். அது இப்போது உதவுகிறது. அவர் எடுத்துவிட்டதால் அவருடைய இலங்கைப் பிரசாவுரிமை போய்விட்டது. இங்கே பிறந்தால் மட்டும் பிள்ளை இலங்கையர் ஆகிவிடாது, தாயோ தகப்பனோ இலங்கையராக இருக்க வேண்டும். 2003இல் சட்டத்தைத் திருத்தும்வரை தகப்பன் வழிதான் கணக்கு. நாங்கள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த வயதில் மாறிய ஒரு சட்டத்தால்தான் இந்த மூன்றாவது என் பெயரில் இந்த நாட்டுப் பிள்ளையாகிறது. அவர் வழியில் பிரிட்டிஷும் ஆகும், ஆனால் வம்சாவழிப் பிரசை. மூத்த இரண்டும் லண்டனில் பிறந்ததால் அந்த உரிமையைத் தங்கள் பிள்ளைகளுக்கு எங்கே பிறந்தாலும் கொடுக்கலாம். இதுக்கு அப்படிக் கொடுக்க ஏலாது. ஒரே வயிற்றில் பிறக்கிற மூன்று பேருக்கு இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இரவில் இதை நினைத்து நினைத்து முழித்திருந்தேன். நான் எடுத்த ஒரு முடிவு, பிறக்காத ஒன்றின் பேரப்பிள்ளைகள்வரை போகிறது.

எனக்கோ வேறு கணக்கு. நான் வைத்திருப்பது நிரந்தர வதிவிட உரிமை மட்டும். தொடர்ந்து இரண்டு வருடம் வெளியே இருந்தால் அது போய்விடும். ஆக 2027 ஜூலைக்குள் நான் தீர்மானிக்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் எப்போதும் போகலாம், எனக்கு மட்டும் கதவு சாத்தப்படும். இதை உன்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

சரி, நல்ல விஷயத்துக்கு வருகிறேன். வந்து இரண்டாவது கிழமை கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் மிட்வைஃப் மிஸ். கையில் பை, குடை, நெற்றியெல்லாம் வேர்வை, லிஃப்ட் வேலை செய்யாமல் நான்கு மாடி ஏறி வந்திருக்கிறா. கீழ்வீட்டு அக்கா சொல்லித்தான் வந்தாவாம், ‘மேலே வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளைத்தாச்சி வந்திருக்கு’ என்று. சிங்களப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவா. கர்ப்பிணி அட்டை ஒன்றை எழுதி, நிறை, உயரம், பிரஷர், கடைசி மாதவிடாய்த் திகதி எல்லாம் கேட்டுவிட்டு, நான் சொல்லாமலே பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டா. லண்டன் சிவப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டா. சின்னமுத்து, கூகைக்கட்டுக்குப் போடுகிற எம்எம்ஆர் இரண்டாவது ஊசி அங்கே இவன் வயதுக்காரருக்கு 3 வயது 4 மாதத்தில், இங்கே 3 வயதிலேயே போட வேண்டும், சின்னவனுக்குப் பிந்திவிட்டது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி இங்கே ஒரு வயதிலேயே போடுகிறது, அங்கே கிடையாது, ஆக இரண்டு பேருக்கும் போட வேண்டும். பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டா. லண்டனில் இரண்டு பிள்ளை பெற்றேன், நல்ல கவனிப்புத்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கிறதென்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லி ஒருத்தி மாடி ஏறி வருவது அங்கே நடக்காது. போகும்போது இரண்டு பக்கெற் திரிபோஷாச் சத்துமாவும் தந்தா. ரமா, அந்த மணம்! தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டி, கிரிபத்கொடை மாமி வீட்டில் நாங்கள் களவாகத் தின்றது ஞாபகம் இருக்கா? இரவே ஒரு பக்கெற்றில் பாதி முடிந்தது.

நுளம்புதான் பெரிய பயம். பூச்சாடிக்குக் கீழே இருந்த தட்டுகளை எல்லாம் எறிந்துவிட்டேன், பகலிலும் வலை. ஆகஸ்டில் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் பனடோலும் தண்ணியும்தான், மூன்றாம் நாள் பிளட் கவுன்ட் பார்த்து, டெங்கு இல்லை என்றவுடன்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. எனக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி மிஸ் இரண்டு தரம் சொல்லியிருக்கிறா.

இனிப் போன சனிக்கிழமை.

பின்னேரம் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மடித்து, இரவு பிட்டு அவித்து, எல்லாம் முடித்துப் படுத்தபோதுதான் யோசித்தேன், மத்தியானத்துக்குப் பிறகு வயிற்றில் அசைவே இல்லை. இடப்பக்கம் சரிந்து படுத்துப் பார்த்தேன். கையை வைத்துப் பார்த்தேன். இல்லை. இந்தப் பிள்ளை இரவு பத்து மணிக்குத்தான் ஆட்டத்தைத் தொடங்கும், ரமா. அம்மா “குளிர்ந்த தண்ணி குடி, இனிப்பாய் ஏதும் சாப்பிடு, விடியப் பார்ப்பம்” என்றா. இரண்டு பிள்ளைக்கும் லண்டனில் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்ததும், மிஸ் சொன்னதும் ஒன்றுதான்: அசைவு குறைந்தால் விடியும்வரை பார்க்காதே, தண்ணி குடித்துப் பார்க்கிறேன் என்று இருக்காதே, எத்தனை மணியானாலும் வா. கீழ்வீட்டு அக்காவைப் பிள்ளைகளோடு இருக்கச் சொல்லிவிட்டு, அம்மாவும் நானும் ஓட்டோ பிடித்து டி சொய்சா பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். பதினொன்றரை. மழை.

வயிற்றில் பட்டி கட்டி இதயத் துடிப்புக் கேட்கிற மெஷினைப் பூட்டினார்கள். தாதி ஜெல் பூசி அங்குமிங்கும் நகர்த்தித் தேடிய அந்த அரை நிமிஷம் நான் என்னென்ன நினைத்தேன் என்று எழுதமாட்டேன். பிறகு சத்தம் வந்தது. குதிரை ஓடுகிற மாதிரி. “பபா ஹொந்தின் இன்னவா” என்றா தாதி. பிள்ளை நன்றாக இருக்கிறது. அம்மா பக்கத்தில் நின்றா. எனக்கு முன்னால் அம்மாதான் விம்மத் தொடங்கினா. அம்மா அழுது நான் பார்த்தது அப்பாவின் செத்தவீட்டில் மட்டும். அதுவும் இப்படி இல்லை.

விடியும்வரை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். அம்மாவை வெளியே வாங்கில் இருத்தினார்கள். நான் நடக்கலாம் என்றபோது போய் அவவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்போது அம்மா சொல்லத் தொடங்கினா.

83 ஜூலைக் கலவரத்தில் அண்ணா வயிற்றில் ஏழு மாதம் என்று எனக்குத் தெரியும். வெள்ளவத்தை வீடு போனது, பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் இரண்டு நாள் அறைக்குள் வைத்திருந்தது, பிறகு பம்பலப்பிட்டி இந்துக்கல்லூரி முகாம், பிறகு லங்கா கல்யாணிக் கப்பலில் காங்கேசன்துறை. இது எங்கள் வீட்டில் ஒரு பாட்டு மாதிரி, அப்பா எப்போதும் இதே வரிசையில்தான் சொல்லுவார். அம்மா சொன்னது அந்தப் பாட்டில் இல்லாதது. கப்பலில் ஏறிய அன்று பின்னேரம் பிள்ளை அசைவதை நிறுத்திவிட்டது. அது சரக்குக் கப்பல், படுக்க இடமில்லை. ராமர் அணைப் பக்கம் கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல் தெற்கால் சுற்றிக் கிழக்குக் கரையால்தான் போக வேண்டும், அவ்வளவு நேரம். டொக்டர் இல்லை. அப்பாவுக்கும் சொல்லவில்லை, ‘அந்த மனுசன் அப்பவே பாதிச் சீவன்.’ முன்பின் தெரியாத ஒரு பெண் தன்னுடைய மாற்றுச் சேலையைத் தகரத்தில் விரித்து, அம்மாவைச் சரித்துப் படுக்க வைத்து, வயிற்றில் கையை வைத்தபடி இரவு முழுக்க இருந்தாவாம். “செத்த பிள்ளையைத்தான் சுமந்துகொண்டு போறன் எண்டு நினைச்சன். ஊருக்குப் போய் இறக்கிவைப்பம் எண்டு நினைச்சன்.” காங்கேசன்துறை தெரிகிற நேரம் அண்ணா உதைத்தானாம். அந்தப் பெண்தான் முதலில் உணர்ந்து “பிள்ளை இருக்கு தங்கச்சி” என்று கத்தினாவாம்.

நாற்பத்திரண்டு வருடம் இதை யாருக்கும் சொல்லவில்லை. அண்ணாவுக்கும் தெரியாது. நான் லண்டனில் இரண்டு பிள்ளை பெற்றபோது அம்மா வந்து நின்றா, அப்போதும் சொல்லவில்லை. இந்தமுறை நான் கொழும்புக்கு வருகிறேன் என்றபோது போனில் சண்டை பிடித்தா, ‘இந்த நேரத்தில் இந்த ஊருக்கு வராதே’ என்றா, எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பிள்ளைத்தாச்சி இந்த நகரத்தில் இருப்பது அவவுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

நானே 96இல், கொழும்புக்கு வருகிற தமிழர் பொலிஸில் பதிய வேண்டியிருந்த காலத்தில், அந்தப் பதிவுத் துண்டோடு வந்தவள். 2007 ஜூனில் லொட்ஜுகளில் இருந்த தமிழ் ஆட்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய அந்தக் காலை நீயும் நானும் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம், அதுக்குப் பிறகுதான் உன் அப்பா உன்னைக் கனடாவுக்கு அனுப்ப முடிவெடுத்தார். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறந்துவிட்டு வந்தேன் என்று நீ நினைக்காதே. உன் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்த வாங்கில், விடிய நான்கு மணிக்கு, அம்மாவின் கை என் வயிற்றில் இருந்தது. நான் லண்டனில் இருந்திருந்தால் அம்மா இதை யாருக்குச் சொல்லியிருப்பா?

2027க்கு முன் என்ன செய்வேன் என்று தெரியாது. மூத்தவள் பள்ளிக்கூடத்தில் இன்னும் யாரோடும் பேசுவதில்லை, வீட்டில் மட்டும் ‘எனக்கு வேண்டாம்’ என்று சுத்தத் தமிழில் சொல்கிறாள். அவள் அழுகிற நாட்களில் எனக்கு உடனே டிக்கெட் போட வேண்டும் போல இருக்கும். அடுத்த நாள் அம்மம்மாவோடு இடியப்பம் பிழிகிறாள், அப்போது இல்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று நேரே எழுது, பூசி மெழுகாதே.

அம்மா இப்போதே, பிள்ளை பெற்ற பிறகு எனக்குத் தருகிற சரக்குத் தூளுக்கு மல்லியும் மிளகும் வெயிலில் காயப்போடத் தொடங்கிவிட்டா. மழை வந்தால் ஓடி ஓடி எடுக்கிறா. பிள்ளை பிறந்து முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவுக்கு உன்னை எதிர்பார்க்கிறதாகவும் எழுதச் சொன்னா, வராவிட்டாலும் சொல்ல வேண்டுமாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். உன் பெரியம்மாவும் அந்த ஓகஸ்டில் கப்பலில்தானே வந்தவ? சேலை விரித்த அந்தப் பெண்ணின் பெயர் அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. வெள்ளை வோயில் சேலை, பச்சைக் கரை, தெல்லிப்பழைப் பக்கம் போகிறேன் என்று சொன்னாவாம், கையில் ஐந்தாறு வயதுப் பொடியன் ஒருத்தன். இவ்வளவுதான் தெரியும். பெரியம்மா எந்தக் கப்பல், எந்த நாள், அப்படி ஒருத்தியைக் கண்டவவா என்று கேட்டு எழுது. இரண்டு நாளாக அம்மா தினமும் ‘ரமாவுக்கு எழுதிப்போட்டியா’ என்று கேட்கிறா.

உன்
வதனி